சந்தனம் பூசிய இடம்

வாகனம் தெரிவு செய்வதில் என் வீட்டுக்காரர் சந்திரகுமாரை யாரும் மிஞ்ச முடியாது. நிறம், பிரேக், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று ஒரு மாதம் குடைந்தார். குடையாமல் என்ன செய்வார்? பஸ்ஸிலிருந்து விழுந்த நாள் முதல் முழங்கால் மடங்காது, இனி பஸ் ஏற முடியாது. வெள்ளவத்தைத் தையல் கடையில் துணி வெட்டுகிறவர். திங்கள் ஒன்பது மணிக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவதாக முதலாளி மஜீட் சொல்லிவிட்டார்.

கடைசியில் வத்தளையில் வாகனம் விற்கிற நோபேட்டிடம் மின்சார ஸ்கூட்டர் எடுத்தார்.

"சின்ன மோட்டர் அண்ணே. நம்பரும் வேணாம், லைசனும் வேணாம்" என்றான் நோபேட்.

இடது கண் போய்விட்டதென்று லைசன் மெடிக்கலில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? கடதாசி உண்டா என்று கேட்க எனக்கும் புத்தி வரவில்லை. நல்ல நேரம் மட்டும் பார்த்தேன்.

ஞாயிறு ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் பூசை. சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். நம்பர் பிளேட் இருக்கவேண்டிய வெறும் தகட்டில் ஐயர் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

திங்கள் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கொள்ளுப்பிட்டியில் இடப்பக்கம் நின்ற பொலிஸ்காரர் கை காட்டினார். இவர் தன்பாட்டில் போனார்.

"என்னப்பா, பொலிஸ் மறிக்கிறான், நிப்பாட்டுங்கோ!"

"எங்க?" என்று கேட்டபடி பிரேக் பிடித்தார்.

பொலிஸ்காரர் பெருவிரலால் சந்தனத்தைத் துடைத்தார். அடியில் நம்பர் இருக்குமென்று நினைத்திருக்கிறார். "நம்பர் எக கோ?" என்று சிங்களத்தில் நம்பர் எங்கே என்று கேட்டார். பதிவு, காப்புறுதி, லைசன் மூன்றும் வேண்டுமாம். நோபேட்டுக்கு அழைத்தேன்.

"அதுக்குக் கடதாசி இல்ல அக்கா, பதியேலாது" என்று வைத்துவிட்டான்.

ஸ்கூட்டரைக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது? நோபேட் பொய்யன்தான். ஆனால் அந்தக் கை இவருக்குத் தெரியவில்லையே. ஒரு பிள்ளை குறுக்கே வந்திருந்தால்?

ஏற முடியாதென்றாலும் வேறு வழியில்லாமல் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். ஒன்பதுக்குப் பத்து நிமிடம். ஒரு பஸ் வந்தது.

"யோகேஸ், அது எத்தனையாம் நம்பர்?"

முகப்பில் சோற்றுக்கோப்பை அளவில் எழுதியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். வலது கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நூற்றியொண்டு" என்றேன். இந்தக் கண்ணோடு இனித் துணி வெட்டுவது எப்படி? பிந்தி வருவார் என்று சொல்ல மஜீட்டுக்கு எடுக்க வைத்திருந்த போனைப் பைக்குள் போட்டேன்.