பின்பக்க சுவிட்ச்

“சுத்துதா?”

“எது?”

“உன் தலை. ஃபேன்டா, ஃபேன். சுத்துதா?”

சுற்றவில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய கம்ப்யூட்டருக்குள் குனிந்தபடி அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். பவர் பட்டனை மறுபடி அழுத்தினான். ஒரு முனகல்கூட இல்லை. அவனுக்குப் பின்னால் கட்டிலில், அடுக்கிய தலையணைகளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவன் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்ல.”

“வயர மாத்திப் பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

“சுவத்துல இருக்கிற பாயின்ட்?”

“டேபிள் லேம்ப்பைச் செருகிப் பாத்தேன். எரியுது.”

“பரவால்லையே. புருஷன் தேறிட்டான்.”

அடுக்களையிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. “எத்தனை தடவை சொல்றது, மாப்பிள்ளையை டா போடாத, அவன் இவன்னு பேசாதன்னு.”

“காலேஜ்ல ஒட்டிக்கிட்ட வாய்ம்மா. இப்ப மாத்தினா அவனுக்கு நான்தான் பேசுறேன்னே தெரியாது.”

அது அவளுடைய வேலை அறை. உடம்புக்கு முடியாமல் போனபோது வேறு அறையில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கட்டில் இங்கே வந்தது. மேசையில் வரிசையாக நின்ற மற்றவர்களின் கம்ப்யூட்டர்களை, உட்கார முடிந்தவரை ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பினாள். மிஞ்சியது இது ஒன்றுதான். கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவுடையது. பள்ளிச் சீருடைச் சட்டைகளில் எம்பிராய்டரி மெஷின் தைக்கும் சின்னங்களின் வடிவங்கள் எல்லாம் இதற்குள்தான் இருந்தன. தையல்காரம்மா இரண்டு முறை மாடியேறி வந்து, எனக்கு அவசரமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“அவசரம் இல்லன்னு மெனக்கெட்டு வந்து சொல்றாங்கன்னா அவசரம்னு அர்த்தம்,” என்றாள் மனைவி. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க விரல்களுக்கு வலு இல்லை. அதனால் கை அவனுடையது, வாய் அவளுடையது என்று ஏற்பாடு.

“சரி, பவர் சப்ளை பெட்டியைத் தனியா சோதிக்கலாம். பெரிய பிளக்கை போர்டுலேர்ந்து உருவு. முதல்ல பின்னாடி சுவிட்சை அணைச்சியா?”

அணைத்திருக்கவில்லை. மின்வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரின் முதுகில், விரல்நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு சுவிட்ச். உள்ளே கை விடுவதற்கு முன்பும், வேலை முடிந்த பிறகும் அதை அணைக்க வேண்டும். அவளிடம் இதற்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது.

“நான் சொல்லாம ஒரு தடவையாவது அதை அணைச்சிருக்கியா? உண்மையைச் சொல்லு.”

“இல்ல மேடம்.”

“செத்துகித்துப் போனீன்னா எங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?”

அவன் அணைத்தான். அவள் சொன்னபடி ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, பிளக்கில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் இணைத்தான். சுவிட்சைப் போட்டதும் பெட்டியின் விசிறி சுழன்றது.

“கேக்குது,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “பெட்டி நல்லாருக்கு. பட்டன்தான் செத்துருக்கு. பெரிய பிளக்கை மறுபடி போர்டுல செருகு. ரீசெட் பட்டனோட வயரைப் பிடுங்கி, பவர் பட்டன் வயர் இருக்கிற இடத்துல குத்து. அணைச்சிட்டு.”

குத்தினான். ரீசெட் பட்டனை அழுத்தியதும் எல்லா விசிறிகளும் ஒன்றாகக் கிளம்பின. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று விடாமல் ஒரு சத்தம்.

“ரேம்!” தெருவில் பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் அவள் குரல் எழுந்தது. “இவ்வளவுதானா நீ? கழட்டு. டேய், சுவிட்சு.”

“அணைச்சாச்சு, அணைச்சாச்சு. ரப்பர் எங்க?”

“என் டப்பால. புதுசை எடுக்காத, பழசு இருக்கும். தங்கக் கலர்ல ஓரம் இருக்குல்ல, அதை மட்டும் தேய். மெதுவா. பல்லு தேய்க்கிற மாதிரி தேய்க்காத.”

பல் தேய்ப்பதுபோலத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். கையைத் தளர்த்தினான். ரப்பர் துகளை ஊதித் தள்ளி, ரேம் பட்டையைப் பொருத்தி, இரண்டு முனையும் டக்கென்று உட்காரும்வரை அழுத்தினான். சுவிட்சைப் போட்டான். பட்டனைத் தொட்டான்.

ஒரே ஒரு பீப்.

அதற்குப் பிறகு நடந்ததை அவனால் வரிசையாக அடுக்க முடியவில்லை. பீப் கேட்டது நினைவிருந்தது. கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவள் கை நினைவிருந்தது. அடுக்களையிலிருந்து வந்த அத்தை ஈரக் கையோடு அறை வாசலில் நின்றது நினைவிருந்தது. நடுவில் எதுவுமே இல்லை.

டாக்டர் வந்தார். லிஃப்ட் ஓடவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டுப் பரிசோதித்தார். பிறகு தணிந்த குரலில், “எப்போ?” என்று கேட்டார்.

அவனால் சொல்ல முடியவில்லை. பல்லு தேய்க்கிற மாதிரி தேய்க்காதே என்று அவள் சொன்ன பிறகு. கையைப் பார்ப்பதற்கு முன்பு. நேரம் என்று கேட்டால் அவனிடம் இருந்தது அவ்வளவுதான். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பீப்பை அவள் கேட்டாளா, கேட்காமலே போய்விட்டாளா என்பதுகூடத் தெரியாது.

டாக்டர் இன்னொரு முறை கேட்கவில்லை. தானே ஏதோ எழுதிக்கொண்டார்.

“தேங்க்ஸ் டாக்டர்,” என்றான்.

அன்று அவன் வாயில் வந்தது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். நாற்காலிகளைத் தலையில் சுமந்து மாடியேறியவரிடம் சொன்னான். கேட்காமலே பாலும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னான். மருந்துக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை, இனி வலிக்காது என்று தெரிந்தும், தண்ணீர் தொட்டு மெதுவாக உரித்தெடுத்த நர்ஸிடம் சொன்னான். தையல்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். மனைவிக்குக் கடைசியாகப் போட எடுத்து வைத்த சட்டையில் ஒரு பட்டன் தொங்குவதைப் பார்த்து, இடுப்புப் பையிலிருந்து ஊசியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று தைத்துக் கொடுத்தாள். மேசைக்குக் கீழே இருந்த தன் கம்ப்யூட்டரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடமும் சொன்னான். எல்லாருக்கும் மனதாரத்தான் சொன்னான். அழுகை வரவில்லை, இது வந்தது.

சாயங்காலம் மச்சான் வந்து சேர்ந்தான். அவளுடைய அண்ணன். தங்கையின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இவனைத் தேடி வந்தான்.

“கடைசியா என்ன சொன்னா?”

அவன் கண் தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவருக்குப் போனது.

“பக்கத்துலதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அப்புறம்?”

“வேற வேலையா இருந்தேன்.”

மச்சான் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஸ்க்ரூடிரைவர், நிமிர்த்திய கிளிப், ரப்பர் துகள். “இதுவா வேலை?” என்றான். “அந்த நேரத்துலயா?”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிப்போட்டு, அந்த இடத்தில் தன் போன் சார்ஜரைச் செருகிவிட்டு வெளியே போனான். அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி மகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளும் அதையேதான் நினைக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது. மதியத்துக்குள் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். மச்சான் அடுத்த அறையில் அசந்து தூங்கினான். நாற்காலிகளைத் திருப்பி அனுப்பத் தையல்காரம்மா மாடியேறி வந்து கூட நின்றாள். அவள் இறங்கப் போகும்போது அத்தை கூப்பிட்டாள்.

“உங்க கம்ப்யூட்டர் ரெடி. சாயங்காலமா வந்து எடுத்துக்கங்க.”

“ஐயோ, இப்ப என்னம்மா அதுக்கு அவசரம்!”

“உங்களுக்கு இல்ல. அவளுக்கு இருந்துச்சு.”

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அத்தை இவன் பக்கம் திரும்பினாள்.

“ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க, மாப்பிள்ளை. போட்டுப் பாக்காம அவ யாருக்கும் குடுத்ததில்ல.”

அவனுக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. ஆனாலும் மேசைமேல் தூக்கி வைத்தான். மானிட்டரை இணைத்தான், பிளக்கைச் செருகினான், பட்டனை அழுத்தினான்.

எதுவும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினான். விசிறி அசையவில்லை. அப்படியானால் நேற்றுக் கேட்ட அந்த பீப்? அதுவும் தானாகக் கற்பனை செய்துகொண்டதுதானா? முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அந்த ஒரு சத்தம்கூட மிச்சமில்லையா?

வேறு வழி தெரியாமல் அவள் வரிசைப்படியே போனான். சுவர் பாயின்ட். டேபிள் லேம்ப் எரிந்தது. வயரை மாற்றினான். அப்போதும் இல்லை. அடுத்தது என்ன என்று கை தானாகப் பின்னால் போய்த் துழாவியது.

சுவிட்ச் அணைந்திருந்தது.

விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றான். மச்சான் சுவரிலிருந்து பிளக்கைத்தான் உருவினான். கம்ப்யூட்டரின் முதுகில் இப்படி ஒரு சுவிட்ச் இருப்பது இந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பீப் வந்தபோது அது போட்டிருந்தது. போடாமல் பீப் வராது. அதற்குப் பிறகு யாரோ அணைத்திருக்கிறார்கள். அவன்தான் அணைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் சொல்லாமல் அவன் அதை ஒருநாளும் அணைத்ததில்லை.

“அத்தை.”

அத்தை தலையணை உறைகளை உருவிக்கொண்டிருந்தாள்.

“நேத்து… நான் இதைச் சரிபண்ணிட்டிருந்தப்ப, பீப்னு ஒரு சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?”

“கேட்டுச்சே. முதல்ல விடாம கத்திட்டு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு. நீங்ககூட ‘கேட்டுச்சா, கேட்டுச்சா’ன்னு குதிச்சீங்களே.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் அவ உங்களைத் திட்டினா.”

“என்ன சொல்லித் திட்டினா?”

“வார்த்தை பிடிபடல. குழாயில தண்ணி விட்டிருந்தேன். கடைசியில ‘டா’ன்னு முடிச்சது மட்டும் தெளிவா கேட்டுச்சு. இந்த நிலைமையிலயும் டா போடுறா பாரு, உள்ள போய் நாலு வார்த்தை கேப்போம்னு குழாயை மூடிட்டு வந்தேன்.” அவள் உறையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. உதறிவிட்டு மறுபடி மடித்தாள். “கேக்க விடல அவ.”

“நீங்க ஏன் நேத்தே சொல்லல, அத்தை?”

“உங்களுக்குத் தெரியாதுன்னு நான் என்ன கண்டேன்? கடைசியா என்ன சொன்னான்னு அவ அண்ணன் கேட்டப்ப நீங்க வாயே திறக்கல. கடைசியா அவ உங்களைத் திட்டினான்னு வெளியே சொல்ல வேணாம், அவளுக்குக் குறையாப் போயிடும்னு மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். அதான் நானும் சொல்லல. நல்ல பிள்ளைன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்.”

அடுத்த அறையில் மச்சான் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“அவன் எழுந்திரிக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்,” என்றாள் அத்தை. “நாங்க எல்லாரும் இத்தனை மாசமா அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அது அவளுக்குச் சுத்தமாப் பிடிக்கல. நேத்து மத்தியானம்தான் வீட்டுல அவ குரல் பழைய மாதிரி கேட்டுச்சு. நான் அடுக்களையில சிரிச்சுக்கிட்டு நின்னேன், தெரியுமா உங்களுக்கு?”

அவன் தலையசைத்தான். நேற்றிலிருந்து எல்லாரிடமும் சொன்ன அந்தச் சொல் இப்போது வரவில்லை.

சுவிட்சைப் போட்டான். பட்டனைத் தொட்டான். விசிறிகள் கிளம்பின. ஒரு பீப். அத்தை கையிலிருந்த உறையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கிட்டே வந்து நின்றாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிட்டிருந்தது. திரையில் ஏதோ ஒரு ஜனவரி ஒன்று காட்டியது. அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தே இராத ஒரு வருடம்.

“என்ன கேக்குது?” என்றாள் அத்தை.

“தேதி. இன்னைக்கு என்ன தேதி, அத்தை?”

அத்தை விரல்விட்டு எண்ணி ஒரு தேதியைச் சொன்னாள். அவன் அடித்தான்.

“இல்ல, இல்ல,” என்றாள் உடனே. “அது நேத்து.”

அவன் கடைசி எண்ணை அழித்தான். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அடுத்த எண்ணை அடித்தான்.