ஐந்து மணிக்கே இருட்டும் தீவு

மேற்குக் கரைதான் என்று ஸ்ரீபால் முடிவே கட்டிவிட்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக, சென்னையில் வேலை பார்க்கும் மகள் பிரம்மி அப்பாவையும் அம்மாவையும் அந்தமானுக்கு அனுப்புகிறாள். ஹேவ்லாக் தீவில் மேற்கே ஒரு விடுதி, கிழக்கே ஒரு விடுதி. இரண்டின் படங்களையும் அனுப்பி, இன்று சாயங்காலத்துக்குள் ஒன்றைச் சொல்லச் சொல்லியிருந்தாள். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தும் ராஜகிரிக் கோட்டை மேல் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கும் மனிதர், பார்க்காத தீவின் கிழக்கு மேற்கைப் பற்றித் தன் விதைக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தமானில் மார்கழி மாதம் ஐந்து மணிக்கே பொழுது இறங்கிவிடுகிறது. நைனார் என்று ஊர் அழைக்கும் தமிழ்ச் சமணர் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. கிழக்குக் கரையில் வெயிலைக் காட்டு மேடு மறைத்துவிடும். மேற்கில் என்றால் சூரியன் கடலில் முழுகும்வரை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம். இந்த விஷயத்தில் ஸ்ரீபால் மகா கறார். சாப்பாட்டுக்காக அவர் தினமும் கடையை அடைக்கிற நேரம் கடைத்தெருவுக்கே தெரியும். “நைனார் ஷட்டர எறக்கிட்டாரு, மணி அஞ்சுடா” என்பார் எதிர்க் கடை விநாயகம். ஸ்ரீபாலுக்கு அந்தக் கிண்டல் விருது வாங்கின மாதிரி இருக்கும்.

அன்றும் வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடித்தார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். மனைவி ஜெயந்தி தட்டுகளை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“ன்னாங்க, கெழக்குப் பக்கமே சொல்லிடுங்க.”

“அங்க இன்னா இருக்குது? படகுத்துறையும் கடைங்களும்தான்.”

“அதான் வேணும். ராத்திரி சாப்பாடு கெடைக்கிற கடைங்க அந்தப் பக்கம்தான் இருக்குதாம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

ஸ்ரீபால் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

“நீ ராத்திரியில சாப்புடுறியா?”

“சாப்புடுறேன்.”

“எப்பருந்து?”

“சக்கரைக்கி ஊசி போட ஆரம்பிச்சதுலருந்து. படுக்கறதுக்கு முன்னாடி எதனா சாப்டே ஆவணும்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. மொத மாசம் சாப்புடாமத்தான் இருந்தேன். பின்கட்டுல விழுந்தேனே, அது வழுக்கி விழல. ஒடம்பு வெடவெடன்னு ஆயி, கண்ணு தெரியாம விழுந்தேன்.”

வழுக்கியது என்று சொல்லி அந்தத் தரையை மறு வாரமே கொத்தி வேறு கல் பதித்தவர் ஸ்ரீபால். பக்கத்தில் படுத்திருப்பவள் எழுந்து போனதும் வந்ததும் ஒரு ராத்திரிகூடத் தெரியாமல் அப்படி என்ன தூக்கம்? முதலில் விரதம் போயிற்றே என்று பதறினார். அப்புறம் ஊர் என்ன சொல்லும் என்று பதறினார். மேல்சித்தாமூர் சமணக் கோயில் தேர்த் திருவிழாவில் சொந்தக்காரர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, “ஊசி போட்டுக்குனாலும் எங்க வூட்ல இருட்டுனப்பறம் பச்சத்தண்ணி வாயில படாது” என்று அவர் சொன்னபோது, ஜெயந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

“இன்னா சாப்புடுவ?”

“வாழப்பழம். பொட்டுக்கடலன்னா மெல்லுற சத்தம் கேக்கும்.”

ஒரு வாழைப்பழத்தை அவள் இருட்டில் உரிப்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை.

“எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் இன்னா அடிக்கவா போறேன்?”

“அடிக்கிறவரா இருந்தா சண்ட போட்டாவது சொல்லியிருப்பேன். நீங்க பெருமப்படுறீங்களே, அதான் சொல்ல வாய் வரல.”

“இப்ப மட்டும்?”

“இங்கன்னா சமையக்கட்டு இருக்குது. அங்க ஒரே ரூமுங்க. அஞ்சு மணிக்கு இருட்டினா விடியறவரைக்கும் எத்தினி நேரம்? நான் எங்கன்னு போய் ஒளிஞ்சி துண்றது? ராத்திரியில விழுந்து, அந்தத் தீவுலயே செத்துட்டேன்னா பொண்ணு பாவங்க.”

குரலை உயர்த்தாமல், கடைக்குச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரை அசைத்துவிட்டது. இத்தனை நாளும் பயத்தோடு ஒருத்தி பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

வெளியே பொழுது இறங்கிவிட்டது. பிரம்மி இரண்டு தடவை கூப்பிட்டும் ஸ்ரீபால் எடுக்கவில்லை. ஜெயந்தி அவரிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்கும் இருந்தது. இத்தனை வருஷப் பிடிவாதம் நாக்கை விடவில்லை. எழுந்து சமையலறை விளக்கைப் போட்டார். காலையில் சுட்டதில் மிச்சமிருந்த இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, தண்ணீரும் மொண்டு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“வெளிச்சத்துல உக்காந்து சாப்டு” என்றார்.

எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜெயந்தி தட்டை மடிப்பக்கம் இழுத்து, இட்லியைப் பிட்டு வாயில் வைத்து, சத்தம் வராமல் மென்றாள். அவர் எதிரில்தான் இருந்தார். ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண்கள் படுக்கையறைக் கதவுப் பக்கம் போய்ப் போய்த் திரும்பின.