பித்தளைப் பிடி

புஷ்பவதி மேசையில் கிடந்த மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். கருங்காலி, எருமைக் கொம்பு, அலுமினியம். துறைமுகத்தடியில் கடைச்சல் பட்டறை வைத்திருந்த அப்துல் மஜீத் அவளுக்காகவே தேடி வைத்தவை. போன கிழமை அவர் கடைந்து கொடுத்த றேசர்ப் பிடி பித்தளை. அன்புவழிபுரம் போகும் வழியில் சோதனைச் சாவடிச் சிப்பாய் அதைக் குண்டுக்கான குழாய் என்று பறித்துக்கொண்டு, மூன்று மணித்தியாலம் அவளை வெயிலில் நிறுத்தி வைத்தான்.

"கொம்பை எடுங்க தங்கச்சி. ஒருத்தனும் ஒண்டும் கேக்க மாட்டான்."

"பாரம் காணாது, மஜீத் நானா."

பாரம்தான் வேண்டியிருந்தது. அவள் கணவன் குலசிங்கத்தை இரண்டு வருடம் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றுமில்லை என்று ஒரு கடிதத்தோடு அனுப்பியிருந்தார்கள். கை நடுக்கமும் கூடவே வந்தது. கடையில் வாங்கிய பாரமில்லாத றேசர் கன்னத்தில் துள்ளி வெட்டியது; பாரமான பிடியென்றால் கை ஆடாது. வேறு யாரும் பிளேட்டோடு கழுத்தருகே வந்தால், அவளே வந்தாலும், எழும்பிக் குசினிக்குள் போய்விடுவான்.

"கருங்காலிக்குள்ள ஈயம் ஊத்தித் தரட்டா?"

"ஈயமோ? துவக்குக் குண்டுக்கு எண்டு என்னையும் உள்ளுக்குப் போடுவாங்கள்." அவளுக்குக் குரல் உயர்ந்தது. "அவர் தாடியோட போனா, ஏன் தாடி எண்டு பஸ்ஸால இறக்கிறாங்கள். வழிக்கப் பிடி கொண்டு போனா, குண்டு எண்டு பறிக்கிறாங்கள். அந்த மனிசன் என்னதான் செய்யிறது? பித்தளையிலயே கடைஞ்சு தாங்கோ."

"திரும்பவும் பறிப்பானே."

"பறிக்கட்டும். நான் திரும்பவும் வருவன்."

மஜீத் பித்தளைத் துண்டொன்றை எடுத்துக் கடைச்சல் இயந்திரத்தில் பொருத்தினார். ஈரக் கை வழுக்காதபடி வரி போட்டுக் கடைந்தார். பிறகு வீட்டுக்குள் போய்த் தன் றேசரைக் கொண்டுவந்து, அதன் தலையைக் கழற்றிப் புதுப் பிடியில் பூட்டினார்.

"இப்ப பாத்தா றேசர் எண்டு விளங்கும்" என்றார்.

சாவடியில் அதே சிப்பாய். அவன் கேட்கும் முன்பே அவள் றேசரை எடுத்து நீட்டினாள். "என்ர மனிசன்ர. முகம் வழிக்க" என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவன் வாங்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் உருட்டினான். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்காமலே மற்றக் கையால் போ என்று காட்டினான்.

அவள் போகவில்லை. பின்னால் வரிசை நீண்டது. அவளை ஏற்றி வந்த பஸ்காரன் இரண்டு தரம் கோர்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனான். சிப்பாய் திரும்பவும், இம்முறை சத்தமாக, போகச் சொன்னான்.

புஷ்பவதி வெறுங்கையை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டி, உள்ளங்கை மேலே இருக்க விரல்களை விரித்தபடி நின்றாள்.