கூரையில் வெட்டாத சதுரம்

அவருக்குத் தராசு என்று பேர் வைத்தது அவருடைய அக்காதான். சின்ன வயதில் இரண்டு சட்டைகளைக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு, எதைப் போடுவது என்று பள்ளிக்கூட மணி அடிக்கிறவரைக்கும் நிற்பாராம். பேர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயதில், காது பரிசோதனை நிலையத்தில் எல்லாருக்கும் மூத்தவராக இருந்தபோதும், கூட வேலை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன்தான் மாட்டிக்கொள்வான் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி நேர் எதிர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, போவதா நிற்பதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுத்துப் பழகிய கை. ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பழைய வேனை வாங்கி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றலாம் என்பது அவள் யோசனைதான். முதல் பயணம் எங்கே என்று கேள்வியே எழவில்லை. அக்காவுக்கு ஏரியைக் காட்ட வேண்டும்.

அக்கா நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்தவள். மலைக்கு மேலே, மேட்டு நிலத்தில், அவரைக்காய் போல வளைந்து கிடக்கும் ஒரு ஏரி. அதை நாலு தடவை திருத்தி வரைந்திருக்கிறாள். யாரோ போய் அளந்துகொண்டு வருவார்கள், இவள் மேசை விளக்கின் கீழே உட்கார்ந்து கோடு இழுப்பாள். வடக்கு முனையில் மூன்று ஓடைகள் வந்து சேருகிற இடம்வரை அவளுக்கு மனப்பாடம். ஒரு நாளும் நேரில் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்று இருந்தவளுக்குச் சர்க்கரை நோய் வலது கண்ணை வாங்கிவிட்டது. இடது கண்ணுக்கு லேசர் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

கண் டாக்டரிடம் மூன்று பேருமாகத்தான் போனார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வருஷம் தாக்குப் பிடிக்கும் என்றார் டாக்டர். ஆனால் இது எப்போது என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். தராசு முதல் வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி இரண்டாவதைக் கொண்டுவந்தாள்.

பனி உருகி முடிகிற சமயத்தில் பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை. அதில் போவது என்று முடிவாயிற்று. குளிர்காலம் முழுக்க இருவரும் வேனுக்குள்ளேயே கிடந்தார்கள். அவள் பலகை அறுத்தாள், அவர் மின்கம்பி இழுத்தார். படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, அக்காவுக்குத் தலைப்பக்கம் கைப்பிடி எல்லாம் ஆகிவிட்டது. கூரையில் வைக்கிற காற்றாடி ஒன்றுதான் பாக்கி.

அது வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் தராசு. தகரப் பெட்டிக்குள் மூன்று பேர் படுத்தால் விடிவதற்குள் மூச்சுக்காற்றெல்லாம் தண்ணீராகிச் சுவரில் வழியும், அடுப்பு மூட்டினால் புகை போக வழி வேண்டும், அக்காவுக்கு ஏற்கெனவே மூக்கடைப்பு. அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எந்தக் காற்றாடி என்பதில்தான் சிக்கல்.

வேன் சாமான் விற்கிற கடையில் ஐந்து விதம் இருந்தன. மின்சாரமே வேண்டாத, காற்றடித்தால் தானே சுற்றுகிற தொப்பி ஒன்று. காற்றை வெளியே மட்டும் தள்ளுகிறது ஒன்று. உள்ளேயும் இழுக்கும் வெளியேயும் தள்ளும் இன்னொன்று. மழைத்துளி பட்டால் தானே மூடிக்கொள்கிறது ஒன்று. மூடிக்கு மேல் இன்னொரு குடை வைத்து, மழையிலும் திறந்தே ஓடுகிற ஒன்று. தானே மூடுகிற வகையில் ஒரு கருவி கூடுதல், அது கெட்டால் என்ன செய்வது? குடை வைத்த வகை உயரம் கூட, ஓடும்போது காற்றில் இழுக்காதா? பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும், சத்தம் குறையும். ஆனால் மின்கலத்தை எவ்வளவு குடிக்கும்? சத்தத்தை அளக்கிற கருவியை நிலையத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய், கடையில் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளி, இரண்டு முழம் தள்ளி, படுத்தால் காது இருக்கும் உயரத்தில் என்று அளந்து நோட்டில் எழுதினார். ஒன்பதாவது தடவை போனபோது கடைக்காரர் நாற்காலியைத் தானே நகர்த்திப் போட்டார்.

"சார், காத்தாடி எடுக்கறீங்களோ இல்லையோ, போகும்போது இந்த நாற்காலிய எடுத்துட்டுப் போயிடுங்க. அது உங்களுக்குத்தான் பழகியிருக்கு."

தராசு சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வேன் கூரையின் உட்பக்கத்தில் பென்சிலால் பதினாலு அங்குலச் சதுரம் ஒன்று வரைந்தார். படுக்கைக்கு மேலே. மறுநாள் அழித்துவிட்டு அடுப்புக்கு மேலே வரைந்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில். அவர் தொழிலில் சந்தேகம் வந்தால் அதே ஒலியைத் திரும்ப ஒலிக்கவிடலாம்; கேட்கிறதா என்று பத்துத் தடவை கேட்கலாம். தகரத்தை அறுத்தால் அறுத்ததுதான். ஓட்டை தப்பாக விழுந்தால் காலத்துக்கும் ஒழுகும், துருப்பிடிக்கும். இதை அவர் மனைவியிடம் பல தடவை சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாமே, காற்றாடியைப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று அவளும் பல தடவை சொன்னாள். அக்காவுக்குச் சளி பிடித்தால் யார் பொறுப்பு என்பார் அவர். அந்த ஒரு கேள்வியில் பேச்சு முடிந்துவிடும்.

விடுமுறை தொடங்குவதற்கு முந்தின நாள் அக்கா பையோடு வந்து இறங்கினாள். தடித்த காலணி, கம்பளிச் சட்டை, மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஏரியின் வரைபடம். வேனுக்குள் ஏறிப் படுக்கையில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றாள். தராசு அவள் எதிரே நின்றுகொண்டு, ஐந்தில் மூன்றைக் கழித்து இரண்டு காற்றாடிகள்வரை வந்துவிட்டதையும், குடை வைத்த வகையின் புது மாதிரி அடுத்த மாதம் வரப்போகிறது என்று கடைக்காரர் சொன்னதையும், இப்போது ஏதோ ஒன்றை வைத்து ஓட்டை போட்டுவிட்டால் பின்னால் மாற்ற முடியாது என்பதையும் விளக்கினார். இலையுதிர் காலத்தில் அடுத்த விடுமுறை வருகிறது, அப்போது போனால் எல்லாம் சரியாக இருக்கும் என்றார்.

அக்கா வரைபடத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சரிடா. முப்பது வருஷம் காகிதத்துலயே பாத்தாச்சு. இன்னும் ஆறு மாசந்தானே," என்றாள்.

மனைவி வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவள் கோபத்தை அவர் பார்க்கத்தான் செய்தார். அக்காவே சரி என்றுவிட்டாள், இவளுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டார்.

அக்காவின் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது அடுத்த பத்தாவது வாரம். காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவளுக்குக் கண் முன்னால் கரிய நூல் ஒன்று மிதந்ததாம். பால் பொங்குவதற்குள் நூல் திரையாகிவிட்டது. தராசு அப்போது கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருந்த பெரியவருக்கு ஒலி அனுப்பிக்கொண்டிருந்தார். மனைவி தொலைபேசியில் சொன்னாள். பெரியவர் ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒலி நின்றுவிட்டது என்று தெரியாமல் காத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். வெளிச்சமும் நிழலும் மிஞ்சின. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

அதன் பிறகு தராசு வேன் பக்கமே போகவில்லை. நோட்டை அலமாரியின் மேல்தட்டில் தள்ளினார். சாப்பிடும்போது நடுவில் நிறுத்திவிட்டு, "டாக்டர் ரெண்டு வருஷம்னுதானே சொன்னாரு," என்பார். முதல் தடவை மனைவி, ஆமாம், அதையும் சொன்னார் என்றாள். அடுத்த தடவைகளில் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.

இலையுதிர் விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனாள். மூன்றுபேர் படுக்கிற வேனுக்கு எது சரிப்படும் என்று கேட்டாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். அவள் வாங்கிக்கொண்டு வந்தாள். ஐந்து நிமிஷ வேலை. சனிக்கிழமை தகர வேலைக்காரர் வந்து கூரைமேல் ஏறி, நாலு மூலையிலும் துளை போட்டு, அறுத்து, ஓரத்துக்குத் துருத் தடுக்கும் வண்ணம் பூசி, பசை நாடா ஒட்டி, மத்தியானத்துக்குள் காற்றாடியை உட்கார வைத்துவிட்டார். தராசு கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்டிய சதுரத் தகரம் அவர் காலடியில் வந்து விழுந்தது. மனைவி வாங்கியது அவர் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்த காற்றாடி. நன்றாகவே ஓடியது.

"உங்கக்கா வரேன்னுட்டாங்க," என்றாள் மனைவி. "நீங்களும் வாங்க. வரலேன்னா நாங்க ரெண்டு பேரும் போறோம்."

போனார்கள். இரண்டு நாள் பயணம். மலையேறும்போது அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து, வளைவு எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்றாவது வளைவில் இடதுபக்கம் ஒரு கணவாய் திறக்கும் என்றாள். திறந்தது. ஆமாம் என்பதுபோல மனைவி ஒலிப்பானை ஒரு தடவை அழுத்திக் காட்டினாள், அக்கா சிரித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த தராசு, அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று என்று நினைத்தார்.

ஏரிக்கு மறுநாள் முற்பகலில் வந்து சேர்ந்தார்கள். வேனை விட்டு இறங்கியதும் தராசுக்குப் புரிந்துவிட்டது. அது தண்ணீர் வடிகிற காலம். அவரைக்காயின் வளைவில் மட்டும் தண்ணீர் மினுங்கியது. வடக்கு முனை முழுக்கக் காய்ந்த சேறு. மூன்று ஓடைகள் வந்து சேருகிற இடத்தில் கற்கள்தான் கிடந்தன.

அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். "சொல்லுடா. எப்படி இருக்கு?"

எதையும் எடை போடாமல் வாய் திறந்தறியாதவர், அன்றைக்கு யோசிக்கவேயில்லை. "தளும்பத் தளும்ப நிக்குதுக்கா," என்றார். நீலம் என்றார். எதிர்க்கரை மலை தலைகீழாகத் தெரிகிறது என்றார். மூன்று ஓடையும் நுரைத்துக்கொண்டு வந்து விழுகின்றன என்றார். மனைவி வேன் கதவருகே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவர் கையை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாள். அவர் பிடிக்கப் போனார், வேண்டாம் என்று தள்ளினாள். பத்துப் பதினைந்து அடி போனாள். அவள் வரைபடப்படி அங்கே தண்ணீர் முழங்காலுக்கு வந்திருக்க வேண்டும். குனிந்து தரையைத் தொட்டாள். விரல் வெடிப்புக்குள் போயிற்று. ஒரு காய்ந்த சேற்றுச் சில்லைப் பெயர்த்துக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றாள்.

"ஓடை விழுந்தா சத்தம் கேக்காதா? காது பாக்கற வேலைதானே உனக்கு?"

தராசு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னார்: தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, வசந்தத்தில் வந்திருந்தால் நிறைந்திருக்கும், வசந்தத்தில் அவளுக்குக் கண்ணும் இருந்தது. காற்றாடி இல்லாமலே வந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். சளி பிடித்திருந்தால் பிடித்துவிட்டுப் போயிருக்கும்.

"என்ன மன்னிச்சிடுக்கா."

அக்காவின் கையிலிருந்த சில்லு உதிர்ந்துவிட்டது. கையைத் தட்டிக்கொண்டாள்.

"நீ எனக்குக் கெடுதல் நெனச்சு பண்ணலேன்னு தெரியும்," என்றாள். "ஆனா கோவம் இருக்குடா. படுத்தா வருது, எழுந்தா வருது. அன்னிக்கு நான் சரின்னு சொன்னேன் பாரு, அந்தக் கோவம் என்மேலயும் இருக்கு. இன்னிக்கே போயிடும்னு எதிர்பாக்காத."

அவர் தலையாட்டினார். அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, "சரிக்கா," என்றார்.

இரண்டு நாள் அங்கே தங்கினார்கள். மனைவி அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், தண்ணீர் இருந்த இடத்தில் காலை நனைக்க வைத்தாள். அங்கே ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அது இல்லை. அக்கா அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, அளக்க வந்தவன் வேன்ல தூங்கிட்டான் போல என்றாள். பெண்கள் இருவரும் சிரித்த சத்தம் மேலே அடுப்பருகே நின்றிருந்த தராசுக்குக் கேட்டது. அவர் கீழே போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் மறுபடி போகலாமா என்று அவர்தான் கேட்டார். அக்கா வரவில்லை என்றாள். நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். போனார்கள். ஏரி கரையைத் தொட்டு நின்றது. எதிர்மலை அப்படியே தண்ணீருக்குள் கிடந்தது. மூன்று ஓடையும் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்ற மனைவி பேசியதுகூடக் காதில் விழவில்லை. தராசு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். சொல்லலாமா என்று கேட்டார். சொல்லு என்றாள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அக்கா சாப்பாட்டு மேசையின்மேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள். தெற்கு முனையிலிருந்து தொடங்கி, வளைவைச் சுற்றி, வடக்கே வந்தது விரல். முதல் ஓடை எவ்வளவு அகலம் என்று கேட்டாள். நாலடி என்றார். இரண்டாவது? அதைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்றாவது ஓடையைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கும்போது விரல் நின்றுவிட்டது.

"போதும்டா," என்றாள்.

எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. உதவிக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார்.