அவள் பென்சிலின் கேட்கவில்லை

இருபத்து மூன்று வருஷமாக எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கொலம்பியாவின் பசிபிக் கரையில், படகிலோ சின்ன விமானத்திலோதான் வந்து சேர முடிகிற ஊர். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். நான் பலகையில் எழுதுவேன், அவர்கள் நோட்டில் எழுதுவார்கள், நான் சிவப்பு மையில் சரி போடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம்கூட ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஆங்கிலத்தில் பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. என் பெயர் நொயெமி. இங்கிலீஷ் டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும்.

போன வருஷம் ஆகஸ்டில், திமிங்கிலம் பார்க்க ஆட்கள் வந்து குவிகிற மாதம், பதினொரு மணி வகுப்பின் நடுவில் சுகாதார நிலையத்து நர்ஸ் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், உடனே வாங்க. ஒரு வெளிநாட்டம்மா. கால்ல பாறை கிழிச்சு சீழ் வெச்சிருக்கு, காய்ச்சல் கொதிக்குது. என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காங்க, டாக்டருக்கு ஒண்ணும் புரியல."

கட்டிலில் கிடந்த பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு தாளில் அழகாக எழுதிக் காட்டினேன். தாளைத் தள்ளிவிட்டுக் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடி கடலில் போய்விட்டதாம், அவளைக் கொண்டுவந்து சேர்த்த படகுக்காரன் சொன்னான். வாயால் கேட்டேன். நான் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. அவள் பேசினாள். என் புத்தகத்தில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அவள் பேச்சில் அது இல்லவே இல்லை. ஒரே ஒரு வார்த்தை பிடிபட்டது. பென்சிலின். இரண்டு தடவை சொன்னாள்.

"பென்சிலின் போடச் சொல்றாங்க, டாக்டர்" என்றேன்.

டாக்டர் ஆர்லே படிப்பு முடித்துக் கிராமச் சேவைக்கு வந்தவர், என் பழைய மாணவர்கள் வயசுதான். "நானும் அதத்தான் நெனச்சேன்" என்று ஊசியில் மருந்தை ஏற்றினார்.

அந்தப் பெண் கையை ஆட்டினாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஃபிதெலினா அக்கா உள்ளே வந்தார். படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். நர்ஸுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். தூக்குப் பாத்திரத்தோடு அப்படியே நின்று காதைக் கொடுத்தவர், கத்தினார்.

"ஐயோ, நிறுத்துங்க! பென்சிலின் வேணாங்கறா! போட்டா மூச்சு அடைச்சிருமாம், ஒரு தடவ செத்துப் பொழச்சாளாம். இவ்வளவு கத்துறாளே, யாருக்கும் காதுல விழலயா?"

பிறகு அக்கா குனிந்து அவளிடம் பேசினார், சந்தையில் பேசுவதுபோல் வெகு சாதாரணமாக. அந்தப் பெண் என் கையிலிருந்து தன் கையை இழுத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வேறு மருந்து போட்டார். மூன்றாம் நாள் அவள் விமானம் ஏறிப் போய்விட்டாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "காய்ச்சல்ல ஒளர்றது யாருக்குப் புரியும், டீச்சர்" என்று டாக்டரே சமாதானம் சொன்னார். அவள் உளறவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு வாரம் பள்ளிக்குப் போனேன், வந்தேன். அப்புறம் ஒரு மத்தியானம் அக்காவின் கடைக்குப் போனேன்.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"பனாமால, கோலோன்ல, ஒம்போது வருஷம் ஓட்டல் அடுப்படில. என் முதலாளியம்மாவுக்கு இங்கிலீஷ்லதான் திட்ட வரும். திட்டு வாங்கியே படிச்சேன்."

"பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்களேன். எனக்கும் சேத்து."

"எனக்கு என் பேரு எழுதவே வராது, டீச்சர்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. "சான்றிதழ் இல்லாதவங்கள வகுப்புல நிறுத்தினா மேலிடத்துல என்ன கேப்பாங்க தெரியுமா?"

"சான்றிதழ் இருக்கற என்னால ஒரு உயிர் போகப் பாத்துச்சு, சார்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் களைத்தவர்தான். "வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். நான் பாக்கல."

அக்கா ஈரக் கையோடு வந்தார். சாக்பீஸைத் தொடவில்லை. எடுத்த எடுப்பில் பத்தாம் வகுப்பையே ஆங்கிலத்தில் திட்டினார். தட்டு ஏன் கழுவவில்லை, உப்பு எங்கே, மீன் ஏன் கருகியது? முதல் நாள் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ஒரு மாதத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"டீச்சர், உங்க வாய்ல இங்கிலீஷ் காஞ்ச கருவாடாட்டம் வெறைச்சு வருது" என்றார் எல்லார் முன்னாலும். பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் உட்கார்ந்தேன்.

அரசுத் தேர்வில் எங்கள் பள்ளியின் ஆங்கில மதிப்பெண் இரண்டு புள்ளி குறைந்தது. அந்தத் தேர்வில் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மதிப்பெண் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதனால் மற்ற நான்கு நாளும் அதே கோ, வென்ட், கான். ஐம்பத்தொரு வயதில் புதுச் சொல் எதுவும் லேசில் தங்குவதில்லை. வெள்ளிக்கிழமை முடிந்தால் தொண்டையும் தலையும் சேர்ந்து வலிக்கிறது.

போன வாரம் யிர்லேசா என்ற பெண்ணை அக்கா பிடித்துக்கொண்டார். வருஷம் முழுக்க வாயே திறக்காதவள். மீன் ஏன் கருகிச்சு, யார் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் விரட்டினார். அவள் எழுந்து நின்று, வேகமாக என்னவோ சொன்னாள். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அது புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அடுப்பைப் பார்க்க வேண்டிய சமையல்காரி இங்கே வந்து கத்திக்கொண்டிருந்தால் மீன் கருகாமல் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்தது. திருத்த வேண்டிய நோட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.