நடைவண்டிக்கு ரிலீவர்

செங்கல்வராயன் மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய நாமம் போட்டு, பருத்திப்பட்டில் எங்கள் தெருமுனையில் வந்து நின்றபோது எனக்குப் பெருமாள்மேல் பரிதாபம் வந்தது. இதையும் அவர் பார்த்தாக வேண்டுமே.

நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியின் உலையில் வேலை செய்கிறவர்கள். செங்கல்வராயன் மூத்தவன். யூனியன் கூட்டத்தில் மைக் பிடிப்பான். உலைப் பக்கம்தான் அதிகம் வரமாட்டான், சூடு ஒத்துக்கொள்ளாதாம். திருப்பதி பாதயாத்திரைக்கும் அவனே தன்னைத் தலைவனாக நியமித்துக்கொண்டான். யாரும் எதிர்த்து நிற்கவில்லை.

இத்தனைக்கும் யாத்திரை அவனுடையது இல்லை, கன்னியப்பனுடையது. கன்னியப்பன் மகள் பேபிக்கு நாலு வயசாகியும் கால் ஊன்றவில்லை. "இவ நடந்தா, நான் செருப்பில்லாம நடந்து வரேன். இவளோட நடைவண்டியத் தலையில சுமந்துகினு வந்து உன் மலையோட மொதப் படியில வெக்கறேன்" என்று வேண்டிக்கொண்டான். ஆடி மாதம் பேபி எழுந்து நடந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் காலுக்கு மாட்டிவிட்ட இரும்புப் பட்டைக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்றேன் நான்.

"அந்தப் பட்டைய மாட்ட வெச்சது யாரு?" என்றான் கன்னியப்பன்.

டீக்கடையில் உட்கார்ந்து சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று பேசுகிற வேம்புலி நான். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

பின்னே நான் ஏன் கிளம்பினேன்? என் மனைவி தாயம்மா என் தொப்பையை ஒரு பார்வை பார்த்து, "சாமிக்கு வோணாம், இத்துக்காவது நடந்துட்டு வா" என்றாள். வழியெல்லாம் சோறு போடுவார்கள் என்பதும் காதில் விழுந்திருந்தது. நாலாவது ஆள் ஜேம்ஸ். வேளாங்கண்ணிக்கு நடந்து அனுபவம் உள்ளவன். "எந்த சாமியா இருந்தா இன்னா மாமே, கால் வலி ஒண்ணுதான்" என்றான்.

சனிக்கிழமை காலை தெருவே கூடி வழியனுப்பியது. பெண்கள் எங்கள் காலில் மஞ்சத்தண்ணி ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். தாயம்மாவும் விழுந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நடக்காத அதிசயம். எழுந்திருக்கும்போது காதோரம் சொன்னாள்: "மவனே, பாதியில பஸ் ஏறி வந்தே, கால ஒட்ச்சிடுவேன்."

ஆவடியில் செங்கல்வராயனின் அக்கா வீட்டில் இட்லி. பட்டாபிராமில் மச்சினன் வீட்டில் பொங்கலும் வடையும். பெருமாள் இருக்கிற திசையை விட்டு, அவன் சொந்தக்காரர்கள் இருக்கிற திசையெல்லாம் யாத்திரை வளைந்து வளைந்து போனது. கன்னியப்பன் மட்டும் அந்த மூணு சக்கர மரவண்டியைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். நான் ரெண்டாவது தடவை பொங்கல் கேட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

திருநின்றவூர் நெருங்கும்போது உடைந்த சோடா பாட்டில் ஒன்று அவன் குதிகாலில் ஏறிவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கம்பவுண்டர் தையல் போட்டுக் கட்டுக் கட்டி, "புண் ஆர்ற வரைக்கும் இந்தக் கால் தரையில படக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

தையல் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் அதைக் கேட்டதும் அழ ஆரம்பித்தான். "பாதியில நின்னுட்டா எம்பொண்ணு மறுபடி ஒக்காந்துடுவாடா."

கிண்டலுக்கு ரெண்டு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் குழந்தையை நாலு வருஷம் இடுப்பை விட்டு இறக்காமல் சுமந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

செங்கல்வராயன் கூட்டத்தில் பேசுகிற மாதிரி கையைத் தூக்கினான். "இன்னாத்துக்கு அழுவுற? நம்ம உலை என்னிக்காவது அணைஞ்சிருக்கா? ஒருத்தன் வரலைன்னா இன்னா பண்றோம்? ரிலீவர் நிக்கறான். ஷிப்டு முடிஞ்சாலும் அட்த்த ஆள் கையில ஒப்படைக்காம நகர மாட்டான். மொதலாளிக்கு உலை சூடா கீதா, அவ்ளோதான். பெருமாளுக்கு நடைவண்டி நடந்து வருதா, அவ்ளோதான்."

ஒரு வேண்டுதலை மூணு ஷிப்டாகப் பிரிக்க எஸ்டேட் மூளைக்குத்தான் தோன்றும். பட்டாச்சாரியார் யாராவது கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் கன்னியப்பனும் உலைக்காரன்தானே? அவன் முகம் தெளிந்துவிட்டது.

"சூடத்துல அட்ச்சு சத்தியம் பண்ணுங்க. மூணு பேரும் மொற வெச்சு நடக்கணும். நடுவுல வண்டிய ஆள் இல்லாம உடக்கூடாது."

சூடம் ஏற்றினான். மூணு பேரும் அடித்தோம். எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் உள்ளங்கை சுட்டது. கன்னியப்பனை பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம்.

ஷிப்டு பிரித்தவன் செங்கல்வராயன். திருவள்ளூர் வரை ஜேம்ஸ். திருத்தணி வரை நான். "அங்கேர்ந்து மலையடிவாரம் வரிக்கும் நான். பெரிய ஷிப்டு எனக்குத்தான், பாத்துக்கோ." அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று அடுத்த பஸ்ஸில் திருத்தணிக்கு ஏறிவிட்டான். ஜேம்ஸ் வண்டியைத் தூக்கினான், நான் சும்மா கூட நடந்தேன். தொப்பை விஷயம் பாக்கி இருந்ததே.

திருவள்ளூரில் ஜேம்ஸ் நடைவண்டியை என் தலைக்கு மாற்றினான். "நாளிக்கு ஞாயித்துக்கெழம மாமே. பூசைக்குப் போவலன்னா ஃபாதர் கேப்பாரு. முட்ச்சுகினு நேரா திருத்தணி வந்துடறேன்." முடித்துக்கொண்டு வருவதாகத்தான் சொன்னான். அந்தப் பூசை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

தலையில் நடைவண்டியோடு போகிற தொப்பைக்காரனை ஊர் சும்மா விடுமா? காதுக்கு மேலே ஒரு சக்கரம் கீச்சுக் கீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருத்தர் எழுந்தே வந்துவிட்டார். "இன்னா நைனா, வண்டி கீது, கொழந்த எங்க?"

"நான்தான் கொழந்த" என்றேன். அவர் ரெண்டடி பின்னால் நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், ரெண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

திருத்தணி பஸ் நிலையத்தில் செங்கல்வராயன் இல்லை. வருகிற மஞ்சள் வேட்டியையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் அவனுடையதில்லை. வண்டியை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் உலையில் வெந்த உடம்பு. ரிலீவர் வராமல் கால் வெளியே போகாது. இதைப் பக்தி என்று யாராவது சொன்னால் உதைப்பேன். வெறும் பழக்கம்.

நகரி, புத்தூர், ரேணிகுண்டா. ஊருக்கு ஒரு புது வார்த்தையாகச் செங்கல்வராயனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தமிழ் தீர்ந்ததும் வழியில் காதில் விழுந்த தெலுங்கைச் சேர்த்துக்கொண்டேன். உள்ளங்கால் தோல் உரிந்து, விரலெல்லாம் கொப்புளத்தின்மேல் கொப்புளம். கூட நடந்த கூட்டம் "கோவிந்தா, கோவிந்தா" என்று காதைத் துளைத்தது.

மலையின் முதல் படியில் வண்டியை வைத்தேன். "ஷிப்டு ஒப்படைச்சாச்சு" என்றேன் பெருமாளிடம். வேறென்ன பேசுவது, பழக்கமில்லாத ஆள். அதற்குள் ஒரு பொடிசு அம்மா கையை உதறிக்கொண்டு வந்து வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. என் வாழ்க்கையில் நேரத்துக்கு வந்த ரிலீவர் அது ஒன்றுதான்.

பஸ்ஸில் ஆவடி வந்து இறங்கி, நொண்டி நொண்டித் தெருவுக்குள் நுழைந்தால், கன்னியப்பன் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். நடுவில் மொட்டைத் தலையோடு செங்கல்வராயன் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். "ரேணிகுண்டாவாண்ட பாம்பு குறுக்க வந்துச்சு. கோவிந்தான்னேன். மரியாதையா ஒதுங்கிப் போச்சு." அவன் பாதம் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. ஜேம்ஸ் கடைசியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருத்தணியிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகளையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அதற்குள் கன்னியப்பன் மனைவி சொர்ணம் முந்திக்கொண்டாள். "நீங்களாவது சொல்லுங்கண்ணே. திரும்பி வந்ததுலேர்ந்து புள்ளயக் கீழ உட மாட்டேன்றாரு. உட்டு, நிக்காம பூட்டா இன்னா பண்றதுன்னு பயப்பட்றாரு. அது எறங்கணும் எறங்கணும்னு அழுவுது."

கன்னியப்பன் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் பேபி, அவள் இடுப்பைச் சுற்றி அவன் ரெண்டு கையும்.

"வேம்புலி" என்றான். "அண்ணாத்தே நடந்தேன்றாரு. அவுரு எத்த வேணாலும் சொல்வாரு. நீ எதையும் நம்பாதவன், உன் வாயால வந்தா நான் நம்பறேன். சூடத்துல அட்ச்ச மாதிரி மூணு பேரும் நடந்தீங்களா?"

செங்கல்வராயன் கையில் இருந்த லட்டு பாதி வழியில் நின்றது. தெரு மொத்தமும் என் வாயைப் பார்த்தது. நான் பேபியின் காலைப் பார்த்தேன். இரும்புப் பட்டையோடு காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.

"நடந்தோம்" என்றேன். "ஜேம்ஸ் நடந்தான். நான் நடந்தேன்." அடுத்ததை வெளியே தள்ள ஒரு மூச்சு தேவைப்பட்டது. "பெரிய ஷிப்டு அண்ணாத்தேதான். அந்தப் பாம்ப நானே பாத்தேன்."

கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தான். பட்டை தரையில் டக்கென்று இடித்தது. பேபி நின்றாள். ஆடினாள். அவன் கைகள் தொடாமல் கூடவே போயின. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்த கோபமோ என்னவோ, "வேம்பு மாமா" என்று நேராக என்னிடம் ஓடிவந்து, இரும்புக் காலைத் தூக்கி என் கொப்புளத்தின்மேல் வைத்தாள்.

உயிர் போய்விட்டது. அலறினேன். வழியெல்லாம் கேட்டு ஊறிப்போன சொல்தான் வாயில் வந்தது: "கோவிந்தா!"

தெருவே திருப்பிச் சொன்னது. தாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் செங்கல்வராயன்.