லாபம், ஒன்று, இரண்டு

எம்.எஸ்சி. கணிதம் முடித்த என்னிடம் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்கள் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பார்கள். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் தெரியும், வாய் திறக்கத்தான் எனக்கு நேரமாகும். எண்கள் பூஜ்யத்தில் தொடங்குகின்றனவா, ஒன்றிலா என்று யாரும் கேட்டதில்லை.

அன்று காலை, அம்மா நெய்து முடித்த புடவையைக் கடைக்கு எடுத்துப் போனோம். யாரோ வேண்டிக்கொண்டு சொல்லிவைத்த புடவை. முந்தானையில் இருபத்தேழு வரிசை மாங்காய், நட்சத்திரத்துக்கு ஒன்றாக.

பிரேம்நாத் இந்த வருடம்தான் மாமனாரிடமிருந்து கடையை ஏற்றவர். முந்தானையை விரித்து, வரிசை வரிசையாக விரல் வைத்தார்.

"லாபம், ஒண்ணு, ரெண்டு..."

எங்கள் ஊர் வியாபாரிகள் எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்கள். அந்த இடத்தில் 'லாபம்' என்பார்கள், அடுத்தது இரண்டு. இவர் லாபத்தையும் சொல்லி, ஒன்றையும் சொன்னார். கடைசி வரிசையில் இருபத்தாறில் நின்றார்.

"இந்திராணிக்கா, ஒரு நட்சத்திரத்தைக் காணோமே. எங்க, தறியிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

சீட்டில் 'ஒரு வரிசை குறை' என்று எழுதி அம்மாவிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடு. இனிமே வேண்டுதல் புடவை உனக்கு வேணாம். எண்ணத் தெரிஞ்சவங்களாண்ட குடுத்துக்கிறேன்."

தன் முறைக்காக உட்கார்ந்திருந்த நெசவாளர் தினகரன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பேனாவைத் தேடினாள்.

"போடாதம்மா," என்றேன்.

"நீ சும்மா இரு சத்யா."

"அண்ணா, நீங்க பூஜ்யத்துல ஆரம்பிச்சிருக்கீங்க."

"எம்மா, காலேஜ் கணக்கெல்லாம் இங்க எடுக்காத."

"எடுக்கலாம்ணா. பூஜ்யத்துல ஆரம்பிச்சாலும் தப்பில்ல. ஆனா கடைசியா சொன்ன நம்பரோட ஒண்ணு கூட்டணும்."

"எங்க மாமனார் அம்பது வருஷமா லாபம்னுதான் எண்ணிக்கினு இருந்தாரு."

"அவரு அடுத்து ரெண்டும்பாரு. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா, நாங்க கொண்டுவந்தது ஒரே ஒரு புடவை. உங்க மாதிரியே எண்ணுங்க."

அவர் புடவையைத் தொட்டார். "லாபம்."

"அவ்ளோதான். ஒண்ணு இன்னும் வரல. அப்ப எங்கம்மா புடவையே கொண்டுவரலயா?"

தினகரன் இருமுவது போலச் சிரித்தார்.

பிரேம்நாத் மறுபடி முந்தானைக்குப் போனார். இந்தமுறை உதடு மட்டும் அசைந்தது. முடித்ததும் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"சரி, புடவை இருக்கட்டும். போய்ட்டு வாங்க."

நான் அங்கேயே நின்றேன்.

"கிழிச்சா பத்தாதுண்ணா. குறைன்னு தினகரன் அண்ணன் முன்னாடிதான் சொன்னீங்க. முழுசுன்னும் இவர் முன்னாடியே சொல்லுங்க. அடுத்த வேண்டுதல் புடவை யாருக்குன்னும் சொல்லுங்க."

"ஏன்க்கா, உன் பொண்ணு என்னா இப்படிப் பேசுது?"

அம்மா என் கையை இழுப்பாள் என்று நினைத்தேன். அவள் தோள்பையை இறக்கி வைத்தாள். புடவையைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா," என்றாள். "அப்புறமா புடவையைத் தர்றேன்."